மருத்துவமனையிலும் நிலாச்சோறு



சில மாதங்களுக்கு முன் எங்கள் குழந்தைகள் பிரிவில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி சேர்க்கப்பட்டிருந்தாள். பகலில் ஓரளவு அமைதியாக இருப்பவள், இரவு எட்டு மணி ஆனதும் அழத் தொடங்குவாள். வலியோ, காய்ச்சலோ என்று பரிசோதித்தோம், எதுவும் இல்லை. மூன்றாம் நாள் செவிலியர் ஒருவர் அவளுடைய தாயிடம், "வீட்டில் எட்டு மணிக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டார். வேலை முடிந்து தந்தை வீடு திரும்பும் நேரம் அது. அவருடைய சட்டைப் பைகளில் ஏதோ ஒன்றில் ஒரு மிட்டாய் இருக்கும்; எந்தப் பை என்று மகள் கண்டுபிடிக்க வேண்டும். மருத்துவமனைக்கு வந்த நாள் முதல் அந்த விளையாட்டு நின்றுபோயிருந்தது. தந்தை நாள்தோறும் வந்தார். ஆனால் பரிசோதனை முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கவலையோடு நின்றார். மறுநாள் எங்களிடம் கேட்டுக்கொண்டு, பையில் மிட்டாயோடு வந்தார். அழுகை அன்றே முற்றிலும் நின்றுவிடவில்லை. எனினும் அன்றிரவு அவள் தந்தையின் மடியிலேயே உறங்கினாள்.

குழந்தையின் கடிகாரம்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மணி பார்க்கத் தெரியாது. குளித்த பின் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பின் கதை, கதைக்குப் பின் உறக்கம் என்னும் வரிசையே அதன் கடிகாரம். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்கும்போது குழந்தையின் அச்சம் தணிகிறது. மருத்துவமனையில் இந்த வரிசை குலைந்துவிடுகிறது. முன்பின் அறியாதவர்கள் வருகிறார்கள். எதிர்பாராத நேரத்தில் ஊசி போடப்படுகிறது. நள்ளிரவிலும் விளக்கு எரிகிறது. இவற்றுள் பலவற்றை நாங்கள் தவிர்க்க இயலாது. ஆகவே, நீங்கள் வீட்டில் செய்துவந்த சிறு வழக்கம் ஒன்றேனும் இங்கும் தொடர்ந்தால், அது குழந்தைக்குப் பெரும் பற்றுக்கோடாக அமையும்.

"எல்லாம் குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பெற்றோர் பலர் கூறக் கேட்கிறோம். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீடிக்கும். கடுமையான தலசீமியா உள்ள குழந்தை ஏறத்தாழ 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டாண்டு என்பது அதன் வாழ்நாளில் பெரும்பகுதி. சிகிச்சைக் காலம் முடியட்டும் என்று காத்திருந்தால், குழந்தைப் பருவமும் அதனுடன் கடந்துவிடும்.

உறக்க நேரம்

3 முதல் 4 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு 11 முதல் 14 மணி நேரம். படுக்கைக்கு முன் முகம் துடைத்தல், ஒரு கதை, ஒரு தாலாட்டு என்று மூன்று செயல்களை நாள்தோறும் ஒரே வரிசையில் செய்யுங்கள். கதை புதிதாக இருக்க வேண்டியதில்லை. கேட்ட கதையையே மீண்டும் கேட்பதில்தான் குழந்தைக்கு இன்பம். உறக்க நேரத்தைச் செவிலியரிடம் முன்கூட்டியே தெரிவித்தால், அவசரமற்ற பரிசோதனைகளை அதற்கு முன் முடிக்க முயல்வோம்.

கைப்பேசியைப் பொறுத்தவரை, 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது அதே வழிகாட்டுதலின் அறிவுரை. அதைவிடச் சிறிய குழந்தைகளுக்குத் திரையைத் தவிர்ப்பதே நல்லது. வீட்டிலிருக்கும் அண்ணனையோ பாட்டியையோ காணொளி அழைப்பில் பார்த்துப் பேசுவதை இக்கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

சோறூட்டுதல்

சன்னலருகே அமர்ந்து நிலவைக் காட்டிச் சோறூட்டுவதற்கு இங்கும் தடையில்லை. கைகளைச் சோப்பினால் நன்கு கழுவிவிட்டு, புதிதாகச் சமைத்த உணவை உருட்டிக் கொடுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்துள்ள குழந்தைக்குத் தயிர், பச்சைக் காய்கறி, பழம், வெளியிலிருந்து வாங்கும் தின்பண்டம் ஆகியவற்றைக் கொடுக்கும் முன் எங்களைக் கேளுங்கள். மயக்க மருந்து கொடுக்கப்படவுள்ள நாளில், நாங்கள் சொன்ன நேரத்துக்குப் பின் ஒரு வாய் உணவும் கூடாது. அப்போது சோற்றுக்குப் பதிலாகக் கதை மட்டும் போதும்.

கசப்பு மருந்தைக் குழந்தைக்குப் பிடித்த சோற்றில் மறைத்துக் கொடுக்க வேண்டாம். ஏமாற்றப்பட்டதை உணரும் குழந்தை, மருந்தோடு அந்த உணவையும் வெறுத்துவிடக்கூடும்.

எண்ணெயும் நீராட்டும்

எண்ணெய் தேய்த்து நீராட்டுவது வெறும் தூய்மைக்காக மட்டும் அன்று. அது தாயின் தொடுகை. ஆனால் இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கும் குழந்தையை அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஊசிக்குழாய் பொருத்திய இடம் நனையக் கூடாது. எங்கள் அனுமதியுடன் உள்ளங்கால்களை மென்மையாக வருடி, வெதுவெதுப்பான துணியால் உடலைத் துடைக்கலாம். எந்தக் குழந்தைக்கும் மூக்கில் எண்ணெய் விட வேண்டாம். அது நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கக்கூடும். சாம்பிராணிப் புகையையும் வார்டில் தவிர்த்துவிடுங்கள். அது மூச்சுத் திணறலைக் கூட்டும். ஆக்சிசன் பயன்படும் இடத்தில் நெருப்பு பேராபத்து. கையிலோ இடுப்பிலோ கயிறு கட்டும் வழக்கமிருந்தால், ஊசிக்குழாயை அது அழுத்தாதவாறு கட்டுவதற்குச் செவிலியர் உதவுவார்.

ஊசி போடும்போது

"வலிக்காது" என்று சொல்ல வேண்டாம். "கொஞ்சம் வலிக்கும், அம்மா பிடித்துக்கொள்கிறேன்" என்பதே உண்மை, குழந்தை அதை நம்பும். படுக்க வைத்து அமுக்கிப் பிடிப்பதை விட, மடியில் அணைத்து வைத்திருப்பது நன்று. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே ஊசி போட்டால் வலி குறைகிறது. முடிந்தவுடன் ஒரு பாட்டு, ஒரு முத்தம் என்று நீங்களே ஒரு வழக்கத்தை உருவாக்கிக்கொள்ளலாம்.

சிரிப்பதில் குற்றமில்லை

பிள்ளை நோயுற்றிருக்கையில் தாங்கள் சிரித்து விளையாடுவது தவறோ என்று சில பெற்றோர் தயங்குகின்றனர். தவறன்று. நீங்கள் விளையாடுவதால் நோயை மறந்துவிட்டதாக எவரும் எண்ணமாட்டோம். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே விதமான முடிவை எங்களால் உறுதியளிக்க இயலாது. சில குடும்பங்களிடம் கடினமான செய்திகளைச் சொல்ல வேண்டியும் வருகிறது. அத்தகைய நாள்களிலும் மாலையில் ஒரு கதை சொல்வதற்கும், விரல்களை எண்ணி விளையாடுவதற்கும் இடமுண்டு. உங்கள் மனம் மிகவும் சோர்ந்திருந்தால், அந்தப் பொறுப்பைத் தாத்தாவிடமோ அத்தையிடமோ ஒருநாள் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுங்கள்.

குழந்தையைச் சேர்க்கும் நாளில் ஒரு சிறு தாளில் நான்கு செய்திகளை எழுதிச் செவிலியரிடம் கொடுக்குமாறு வேண்டுகிறோம்: வீட்டில் அழைக்கும் செல்லப்பெயர், உறங்கும்போது பிடித்துக்கொள்ளும் பொருள், பிடித்த பாட்டு, நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு விளையாட்டு. அத்தாளை மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்துக்கொள்வோம்.