பொம்மை எவ்வளவு சிறியதாகலாம்? – கை, பார்வை, விளையாட்டு

வேப்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் பீங்கான். களிக்குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சக் களி ஓரமாகத் தோல்போலப் படியும். மிச்சத்தைக் கவிழ்த்து, காயவைத்து, பிசிறு சீவி, சூளையில் வைத்தால் பொம்மை. சூளையை விட்டு வரும்போது அச்சிலிருந்ததைவிடச் சிறுத்திருக்கும். "சுட்டா சுருங்கும் சார்" என்பார்கள் வேலை பார்க்கும் பெண்கள், இதிலென்ன அதிசயம் என்கிற தோரணையில். அதற்கு மேற்பட்ட சுருக்கமெல்லாம் 'விஞ்ஞானம்'. அது வேறு யாருடையதோ. இந்தப் பிரிவினையைப் பற்றி யோசிக்க, கண்ணுக்கே தெரியாத பொம்மைகளின் கதையை எடுத்துக்கொள்ளலாம்.

1959 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் கால்டெக்கில் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் என்ற இயற்பியலாளர் ஒரு உரை நிகழ்த்தினார். பொருட்களை எவ்வளவு தூரம் சிறிதாக்க முடியும் என்பதுதான் பேச்சு. முடிவில் ஆயிரம் டாலர் வீதம் இரண்டு பரிசுகள் அறிவித்தார். ஒன்று, பக்கத்துக்கு 1/64 அங்குலம், அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர், உள்ள கனசதுரத்துக்குள் அடங்கி ஓடும் மின்மோட்டாருக்கு. மற்றது, ஒரு புத்தகப் பக்கத்தை 25,000 மடங்கு சிறிதாக்கி எழுதுவதற்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குண்டூசித் தலையில் எழுதி ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும் போட்டி ஒன்றையும் அவர் யோசனையாகச் சொன்னார். ஆக, தொடக்கத்திலேயே இது விளையாட்டுதான்.

அடுத்த ஆண்டே வில்லியம் மெக்லெல்லன் என்ற பொறியாளர் ஒரு பெரிய பெட்டியோடு வந்து நின்றார். பெட்டிக்குள் இருந்தது நுண்ணோக்கி. அதன் அடியில் 250 மைக்ரோகிராம் எடையில் ஓடிக்கொண்டிருந்தது மோட்டார். செய்த கருவிகள்: கடிகாரக்காரரின் கடைசல் எந்திரம், இடுக்கி, பல்குத்தும் குச்சி. ஃபெய்ன்மன் பரிசைக் கொடுத்தாரே தவிர அவருக்கு உள்ளூர ஏமாற்றம். புதிய தொழில்நுட்பம் ஒன்று பிறக்குமென்று எதிர்பார்த்தவர்முன் வந்து நின்றது பழைய கைவேலை. கோட்பாட்டைக் கை முந்திக்கொண்டது எனலாம். இரண்டாவது பரிசை 1985இல் டாம் நியூமன் என்ற ஸ்டான்போர்டு மாணவர் எலெக்ட்ரான் கற்றையால் எழுதி வாங்கினார். அங்கே கை விலகிக்கொண்டது.

கை விலகியபின் என்ன நடந்தது? 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சூரிச் ஆய்வுக்கூடத்தில் பின்னிங், ரோரர் இருவரும் உருவாக்கிய நுண்ணோக்கி அணுக்களைத் தடவிப் 'பார்க்கிறது'. கூரிய உலோக முனையொன்று, ஒரு பரப்புக்கு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் மேலே நகரும்; இடைவெளியில் கசியும் மின்னோட்டம் மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். 2013இல் அதே நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வாளர்கள், செப்புப் பரப்பின்மீது கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி 242 சட்டகங்களில் ஒரு படம் எடுத்தார்கள். ஒரு பையன் ஓர் அணுவோடு பந்து விளையாடுகிறான். பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் வரட்டும் என்பது சொல்லப்பட்ட நோக்கம்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முனையை நகர்த்துவது எது? பீங்கான்! ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுப் பொடிகளைக் கலந்து, வடிவமாக்கிச் சூளையில் சுட்ட பீங்கான். மின்னழுத்தம் கொடுத்தால் அது மிகமிகக் கொஞ்சம் நீளும், சுருங்கும். அணுவைத் தள்ளிய 'விரல்' சூளையில் வெந்த ஒன்றுதான். பொடி வேறு, பக்குவம் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் விருத்தாசலத்துப் பெண்களின் உறவுக்காரப் பொருள் அது. இதை அவர்களுக்கு யார் சொன்னது?

அந்தப் படத்தைச் செல்பேசியில் பார்க்கும் நம்மூர்ப் பிள்ளை 'அட!' என்கிறது, அடுத்த படத்துக்குப் போய்விடுகிறது. பொம்மை என்பது உடைத்துப் பார்க்கக்கூடியது. உடைக்க முடியாத பொம்மை வெறும் பார்வைப் பண்டம். அது ஆர்வத்தையல்ல, பயபக்தியைத்தான் உண்டாக்கும். திருவிழாவில் அரிசியில் பெயர் எழுதுபவரிடம், "எப்படிண்ணே எழுதுறீங்க?" என்றாவது கேட்கலாம்.

இதற்கு எதிர்த்திசையில் நடந்தவையும் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் கொண்டு வடிவங்கள் கட்டக் கற்றுத் தந்தார். அதே இடத்தில் படித்து ஸ்டான்போர்டு போன மனு பிரகாஷ், 2014இல் காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கியை வெளியிட்டார். பொருட்செலவு ஒரு டாலருக்கும் குறைவு. சோடா மூடியை நசுக்கி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து 'விர்'ரென்று இழுத்து விளையாடியிருக்கிறோமே, அதே தத்துவத்தில் அவரது குழு 2017இல் காகித வட்டொன்றை நிமிடத்துக்கு 1,25,000 சுற்றுவரை சுழற்றி, மின்சாரமில்லாமல் இரத்தத்தைப் பிரித்துக் காட்டியது.

'ஏழைக்குக் காகிதம், பணக்காரனுக்கு எந்திரமா?' என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மலிவு என்பதே விடுதலை ஆகிவிடாது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் தொடங்கிய, பிள்ளைகள் தாங்களே சோதித்துக் கற்கும் அறிவியல் திட்டம் ஒன்றும் விலையுயர்ந்ததல்ல. 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. விலையைவிட, கேள்வி யாருடையது என்பதே முக்கியம்.

வேப்பூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றுக்குக் காகித நுண்ணோக்கியோடு போயிருந்தேன். எறும்புக் கால், வெங்காயத் தோல் எல்லாம் முடிந்தபின், பீங்கான் வேலைக்குப் போகும் அம்மாவின் புடவையில் ஒட்டிக் காய்ந்த களியைச் சுரண்டி வந்து வைத்தாள் ஒரு சிறுமி. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மணல் மாதிரிதான் சார் தெரியுது. களி எங்க?"

தமிழ் எம்.ஏ.க்காரனுக்கு விடை தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். களியின் தகடுகள் பெரும்பாலும் இரண்டு மைக்ரானுக்கும் சிறியவை. அந்தக் கருவியின் பார்வைக்குள் அவை தனித்தனியே அடங்குவதில்லை. அவ்வளவு சிறியவை என்பதால்தான் தண்ணீரில் வழுக்கி அச்சின் வடிவத்துக்குப் படிகின்றன. அவளுக்குத் தெரிந்தவை சிலிக்கா போன்ற பெரிய துகள்கள். சிலிக்காவிலும் சில மைக்ரான் அளவே உள்ள தூசு மூச்சுக்குழல் தாண்டி நுரையீரலின் அடிவரை போகும். வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் வரும். ஈரத்துணியால் துடைப்பதும், காய்ந்த தூசைப் பெருக்காமலிருப்பதும், முகமூடியும், தூசை இழுக்கும் விசிறியும் அதனால்தான் கேட்கப்பட வேண்டியவை.

ஆக, அந்த மிகச் சிறிய உலகம் அவள் வீட்டுக்குப் புதிதல்ல. அம்மாவின் புடவையில் ஒட்டிக்கொண்டு தினமும் வந்துபோகிறது. அதிசயம் காட்ட வேண்டிய தேவை நமக்குத்தான். அவளுக்குத் தேவை இன்னும் கொஞ்சம் கூர்மையாகக் காட்டும் ஒரு கண்ணாடி. அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் அடுத்து என்ன கேட்கிறாள் என்று காத்திருக்கலாம்.