மாடித் தோட்டத்தில் ஐப்பசி மழை

சென்னையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். அதற்கு முன் என் மாடியில் நான் பார்ப்பது குரோ பேக்குகளின் அடிப்பக்கத்தைத்தான். துளைகளை வேரும் மண்ணும் அடைத்திருக்கும். குச்சியால் குத்திவிட்டு, பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைப்பேன். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது. பிறகு அழுகல் தானாக வரும். கோகோபீட் அதிகம் கலந்த மண் கோடைக்கு வரம், மழைக்கு வம்பு.

தக்காளி, கத்தரியில் தரையைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மழைத்துளி விழும்போது மண் தெறித்து இலையின் அடியில் ஒட்டும். பூஞ்சை நோய் அந்த வழியாகவும் ஏறும். மண்மேல் காய்ந்த சருகைப் பரப்பினாலே தெறிப்பு குறையும். கீரை விதையைக் கனமழை நாளில் தூவ வேண்டாம், அடித்துக்கொண்டு போய்விடும்.

கற்பூரவல்லிக்குச் சதைப்பற்றான தண்டு, ஈரம் மிஞ்சினால் குழைந்துவிடும். சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துங்கள். புதினாவுக்கோ கொண்டாட்டம்: சமையலுக்கு வாங்கிய கட்டில் மிஞ்சும் காம்பை நட்டாலே வேர் பிடிக்கும்.

நத்தைக்கு மருந்தெல்லாம் எதற்கு? ராத்திரி ஈரச்சாக்கை விரித்து வையுங்கள், காலையில் புரட்டிப் பொறுக்கலாம். பூச்சிக்கான வேப்பெண்ணெய்க் கரைசலை மழை விட்ட மாலையில் மட்டும் தெளியுங்கள்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை மழைக்காலம் முழுக்க எடுத்துவிடுங்கள். அவற்றில் தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும்.