இரைச்சல் பிறக்குமிடம்

சில ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூரை அடுத்த எங்கள் இல்லத்தில் மலிவு விலை எல்.இ.டி. விளக்கொன்றைப் பொருத்தினோம். ஒளி வந்தது, வானொலி போயிற்று. விளக்கை அணைத்தால் திருச்சி நிலையத்தின் குரல் தெளியும். ஏற்றினாலோ கரகரப்பு அதனை விழுங்கும். வானொலிப் பெட்டிதான் பழுது என்று முதலில் எண்ணினோம்.

1939 மே 16 அன்று தொடங்கப்பெற்ற திருச்சி வானொலி உழவர்க்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. 1960களில் அது பரப்பிய ஏ.டி.டி. 27 நெல்லைத் தஞ்சை உழவர் 'ரேடியோ நெல்' என்றே வழங்கினர். அத்தகைய குரலை ஒரு சிறு விளக்கு மறைத்தது எங்ஙனம்?

பழைய மின்மாற்றி, விநாடிக்கு 50 சுழற்சியில் இயங்கியதால் கனத்த இரும்பை வேண்டி நின்றது. இன்றைய மின்மாற்றுச் சுற்றோ 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்னாக்கி, டிரான்சிஸ்டரைக் கொண்டு விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. அவ்வேகத்தில் கட்டைவிரல் அளவு ஃபெரைட் மின்மாற்றியே போதும். வெப்ப இழப்பும் குறைவு. செல்பேசிச் சார்ஜர் முதல் கணினி வரை இதே முறைதான். அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளைப் போன்ற இடங்களில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவிகளும் இவ்வினத்தவையே.

இலாபத்தோடு கேடும் வந்தது. திடீரென ஏறி இறங்கும் எந்த மின்னலையும் தன் அதிர்வெண்ணின் பல மடங்குகளைச் சேர்த்தே பெற்றெடுக்கும். விநாடிக்கு 1,04,000 முறை வெட்டும் சுற்றின் ஒன்பதாம் மடங்கு 936 கிலோஹெர்ட்ஸ். திருச்சி நிலையம் மத்திய அலையில் ஒலிபரப்பியதும் அதே எண்ணில்தான்! ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மெலிந்து வரும் அலை, அறைக்குள்ளேயே பிறக்கும் இரைச்சலோடு எப்படிப் போட்டியிடும்? (இதனை 'மின்காந்தக் குறுக்கீடு' என்பர், கேட்பவனுக்கு அது இரைச்சலே.)

இவ்விடர் புதிதன்று. வானொலி இடையூற்றை ஆராயும் பன்னாட்டுக் குழு 1934இலேயே அமைந்தது. மின்கம்பி வழியே செல்லும் இரைச்சலுக்கு 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை வரம்பு வகுக்கப்பட்டுள்ளது.

மருந்து பிறப்பிடத்திலேயே தொடங்க வேண்டும். டிரான்சிஸ்டர் சற்றே மெதுவாகத் திறந்து மூடினால் உயர் மடங்குகள் தணியும். ஆயின் வெப்பம் சிறிது கூடும். விரைந்து மாறும் மின்னோட்டம் சுற்றிவரும் வளையத்தைப் பலகையில் இயன்றவரை சுருக்க வேண்டும். அகன்ற வளையம் தானே ஏரியலாகிவிடும். இவ்விரண்டும் வடிவமைப்பாளரின் கவனத்தைத்தான் கேட்கின்றன, பெருஞ்செலவை அன்று.

எஞ்சியதை வடிகட்டி தடுக்கும். இரு கம்பிகளுக்கிடையே ஓடும் இரைச்சலைக் குறுக்கே வைத்த மின்தேக்கி விழுங்கும். இரண்டிலும் ஒரே திசையில் சென்று நிலத்தின் வழியே திரும்பும் இரைச்சலுக்கு, ஒரே ஃபெரைட் வளையத்தில் இரு கம்பிகளையும் சுற்றிய சோக் வேண்டும். எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டால் இது தீரும் என்பார் உளர். அக்குழி உயிர்காப்பது, அதனைக் குறைகூற இயலாது. எனினும் அதிவேக இரைச்சலுக்கு நீண்ட எர்த் கம்பியே ஒரு தடை. குறுகிய வழி கருவிக்குள்ளேயே இருத்தல் வேண்டும்.

எங்கள் விளக்கைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், சோக்கும் வடிகட்டி மின்தேக்கியும் வர வேண்டிய இடங்கள் பலகையில் வெறுமையாய் இருந்ததைக் காட்டினார். இடம் அச்சிடப்பட்டிருந்தது, பொருள் வைக்கப்படவில்லை. சில ரூபாய் மிச்சம் பிடித்தவர் யாரோ. செய்தி கேட்கவியலாமற் போனது எங்களுக்கு. விளக்கை மாற்றினோம். அதுவரை வானொலியைக் கம்பியிலிருந்து இரண்டு மீட்டர் விலக்கி, பெட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்துக் கேட்டுவந்தோம். அதுவும் ஓரளவு பயன் தந்தது.