மைனாரிட்டி சர்க்காரும் தேர்தல் வாக்குறுதியும்

2013-ம் ஆண்டு டிசம்பர் மாதம் டில்லிவாசிகளிடம் ஒரு புதுமையான கேள்வி கேட்கப்பட்டது.

சட்டசபைத் தேர்தல் முடிந்திருந்தது. மொத்தம் 70 இடங்கள். பாரதீய ஜனதாவுக்கு 31, ஆம் ஆத்மி கட்சிக்கு 28, காங்கிரசுக்கு 8. யாருக்கும் மெஜாரிட்டி இல்லை. "காங்கிரசின் ஆதரவை வைத்துக்கொண்டு மந்திரிசபை அமைக்கலாமா?" என்று ஆம் ஆத்மி கட்சி தெருக்கூட்டம் போட்டு ஜனங்களையே கேட்டது. "அமைக்கலாம்" என்ற பதில் வந்தது. டிசம்பர் 28-ந் தேதி அர்விந்த் கெஜ்ரிவால் முதல்-மந்திரி ஆனார்.

அன்றே அடுத்த கேள்வியும் எழுந்தது. 28 பேரை வைத்துக்கொண்டு தேர்தல் வாக்குறுதிகளை நிறைவேற்ற முடியுமா? நிறைவேற்றத்தான் வேண்டுமா?

"வேண்டாம்" என்போர் சொல்லும் காரணம் லேசானதல்ல. மெஜாரிட்டி தராத ஜனங்கள் அந்தக் கட்சியின் அறிக்கைக்கும் முழுச் சம்மதம் தரவில்லை. ஆதரவு தரும் கட்சிக்கும் தனி அறிக்கை உண்டு. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்ற நிலையில் சர்க்கார் என்ன செய்யும்?

"வேண்டும்" என்போர் கேட்பதும் நியாயமே. நாற்காலியில் உட்காரும்போது மெஜாரிட்டி இல்லை என்பது தெரியாதா? உட்காருவதற்கு இல்லாத தடை, சொன்ன சொல்லைக் காப்பாற்றும்போது மட்டும் எங்கிருந்து வந்தது?

இரண்டு வகை

இந்த வழக்கைத் தீர்க்க ஒரு வழி உண்டு. வாக்குறுதிகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மந்திரியின் கையெழுத்தால் நடப்பது ஒரு வகை. சபையில் பாதிக்கு மேற்பட்டோர் கை தூக்கினால்தான் நடப்பது மற்றொரு வகை.

டில்லியில் இரண்டையும் பார்க்க முடிந்தது. பதவி ஏற்ற சில நாட்களிலேயே இரண்டு உத்தரவுகள் வந்தன. மீட்டர் உள்ள வீடுகளுக்கு மாதம் 20 ஆயிரம் லிட்டர் தண்ணீர் இலவசம். 400 யூனிட் வரை மின்சாரக் கட்டணத்தில் பாதி. ஆதரவு தந்த காங்கிரஸ் இதைத் தடுக்கவில்லை.

மூன்றாவது வாக்குறுதி ஊழலை விசாரிக்கும் ஜனலோக்பால் சட்டம். அதற்குச் சபை வேண்டும். மத்திய சர்க்காரின் முன் அனுமதி இல்லாமல் அந்த மசோதாவைக் கொண்டுவரக் கூடாது என்ற தகராறு எழுந்தது. 2014 பிப்ரவரி 14-ந் தேதி மசோதாவைத் தாக்கல் செய்யலாமா என்று சபையில் கேட்கப்பட்டது. 27 பேர் ஆதரித்தனர். 42 பேர் எதிர்த்தனர். அன்றே கெஜ்ரிவால் இராஜினாமா செய்தார். 49 நாட்களில் சர்க்கார் முடிந்தது.

வாடகைக்காரர் கணக்கு

கையெழுத்து வாக்குறுதியிலும் குறை இருந்தது. தண்ணீர்ச் சலுகை மீட்டர் உள்ளவர்களுக்குத்தான். டாங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த குடிசைவாசிக்கு அதில் ஒன்றும் இல்லை. ஒண்டுக் குடித்தனத்தில் வீட்டுக்காரருக்கு யூனிட் கணக்கில் காசு கொடுக்கும் வாடகைக்காரருக்கு, கட்டணம் குறைந்ததும் குறையாததும் வீட்டுக்காரர் மனசைப் பொறுத்தது. மேலும், அறிவித்த சலுகை மார்ச் மாதக் கடைசி வரைதான். மந்திரிசபை போனது, பின்னாலேயே சலுகையும் நின்றது. 2015-ல் 67 இடங்களுடன் அதே கட்சி திரும்பி வந்த பிறகே மீண்டும் கிடைத்தது.

ஆகவே, வாக்குறுதியை நிறைவேற்றினார்களா என்று கேட்டால் மட்டும் போதாது. யாருக்கு நிறைவேற்றினார்கள், எத்தனை நாளைக்கு என்றும் கேட்க வேண்டும்.

ஆள் போனாலும் உத்தரவு நின்றது

நாற்காலி போன பிறகும் நிலைத்து நின்ற கையெழுத்தும் உண்டு. அதற்கு 1989-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி வி.பி. சிங் பிரதமரானார். அவருடைய ஜனதா தளத்துக்கு லோக்சபையில் 143 இடங்கள்தான். தி.மு.க. அங்கம் வகித்த தேசிய முன்னணி சர்க்கார் அது. வெளியிலிருந்து ஒரு பக்கம் பாரதீய ஜனதா, மறுபக்கம் கம்யூனிஸ்டு கட்சிகள் தாங்கின.

ரேடியோவுக்கும் டெலிவிஷனுக்கும் சுதந்திரமான அமைப்பு என்ற வாக்குறுதியைச் சபையில் வைத்தது. பிரசார் பாரதி சட்டம் 1990-ல் நிறைவேறியது. மைனாரிட்டி சர்க்காரால் சட்டமே கொண்டுவர முடியாது என்பது சரியல்ல என்பதற்கு இது சாட்சி. லோக்பால் மசோதாவையும் தாக்கல் செய்தது; சபை கலைந்தபோது அது காலாவதியாகிவிட்டது.

மண்டல் கமிஷன் அறிக்கை 1980 முதல் பத்து ஆண்டுகள் தூங்கிக் கிடந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய சர்க்கார் வேலையில் 27 சதவீத ஒதுக்கீடு என்று 1990 ஆகஸ்ட் 7-ந் தேதி வி.பி. சிங் பாராளுமன்றத்தில் அறிவித்தார். ஆகஸ்ட் 13-ந் தேதி உத்தரவு வெளிவந்தது. வட இந்தியாவில் பெரிய கிளர்ச்சி நடந்தது. அக்டோபரில் ரத யாத்திரையை நிறுத்தி அத்வானியைக் கைது செய்ததும் பாரதீய ஜனதா ஆதரவை வாபஸ் வாங்கியது. நவம்பர் 7-ந் தேதி ஓட்டெடுப்பில் ஆதரவு 142, எதிர்ப்பு 346. சர்க்கார் கவிழ்ந்தது.

ஆனால் உத்தரவு கவிழவில்லை. 1992 நவம்பரில், வசதி படைத்தவர்களை நீக்கிவிட்டு 27 சதவீதம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1993 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் மாநில வேலைக்கு இருந்த ஒதுக்கீடு, ரயில்வே, தபால், வருமான வரி ஆபீசுகளுக்கு அதுவரை பிற்படுத்தப்பட்டோருக்கு இல்லை. பதினோரு மாதமே இருந்த மைனாரிட்டி சர்க்காரின் கையெழுத்து, இன்றும் வேலை உத்தரவுகளில் பேசுகிறது.

ஐந்து ஆண்டு ஓடிய சர்க்கார்

கவிழாமல் ஓடிய மைனாரிட்டி சர்க்காரும் உண்டு. 2006-ல் தமிழ்நாட்டில் 234-ல் தி.மு.க.வுக்கு 96 இடங்கள்தான். மெஜாரிட்டிக்கு 118 வேண்டும். "மைனாரிட்டி தி.மு.க. சர்க்கார்" என்று சொல்லாமல் ஜெயலலிதா அறிக்கை விட்டது அபூர்வம்.

இருந்தும், பதவி ஏற்ற மே 13-ந் தேதியே கிலோ 2 ரூபாய் அரிசிக்கும், கூட்டுறவு விவசாயக் கடன் தள்ளுபடிக்கும் கருணாநிதி கையெழுத்திட்டார். கடன் தொகை ஏறத்தாழ 7 ஆயிரம் கோடி ரூபாய். கலர் டெலிவிஷனும் வந்தது. வெளிமாநிலத்தில் வேலை பார்ப்பவர் ரேஷன் கார்டு ஊரில் இருந்ததால், அரிசி அவருக்குக் கிடைக்காவிட்டாலும் வீட்டில் இருந்த பெற்றோருக்குக் கிடைத்தது. மணியார்டரில் கொஞ்சம் மிச்சமாயிற்று.

நிலமில்லாத ஏழைக் குடும்பத்துக்கு 2 ஏக்கர் என்ற வாக்குறுதி மட்டும் எல்லோருக்கும் எட்டவில்லை. அதற்கு மைனாரிட்டி காரணமல்ல. தோழமைக் கட்சிகள் தடுக்கவில்லை. சொன்ன அளவுக்குச் சர்க்கார் கையில் நிலம் இல்லை.

கலர் டெலிவிஷன் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி லஞ்சம் ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பிறகு, வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை அறிக்கையில் காட்ட வேண்டும் என்று தேர்தல் கமிஷன் விதி வகுத்தது. ஆனால் வாக்குறுதி தவறியவரை ஓட்டர்தான் கேட்க வேண்டும், கோர்ட்டு கேட்காது.

கேட்க வேண்டிய கேள்வி

வாக்கைக் காப்பாற்றினால் மறுபடி வெற்றி நிச்சயம் என்றும் சொல்ல முடியாது. டில்லியில் 28 பேர் 67 ஆனார்கள். தமிழ்நாட்டில் 96 பேர் 2011-ல் 23 ஆனார்கள். பலன் கருதிக் காப்பாற்றுவது வாக்கு அல்ல, வியாபாரம்.

அடுத்த முறை "எங்களுக்கு மெஜாரிட்டி இல்லையே" என்று ஒரு மந்திரி கையை விரித்தால், ஓட்டர் கேட்க வேண்டியது இரண்டுதான். கையெழுத்தால் நடக்கும் காரியமா? அப்படியானால் ஏன் கையெழுத்திடவில்லை? சபை சம்மதிக்க வேண்டிய காரியமா? அப்படியானால் எந்தத் தேதியில் சபையில் வைத்தீர்கள், எதிர்த்துக் கை தூக்கியவர் யார் யார்?

சபையில் வைத்துத் தோற்ற சர்க்காரை மன்னிக்கலாம். சபையில் வைக்காமலே காலம் கடத்திய சர்க்காருக்கு மைனாரிட்டி என்பது காரணமல்ல, சாக்கு.