வரவு செலவுத் திட்டமும் வயல்வழிப் பாதையும்



இங்கிலாந்து நாட்டின் சிற்றூர்களில் வயலோரத்தே ஒரு சிறு பலகை நிற்பதைக் காணலாம். ‘பொது நடைவழி’ என்னும் பொருள்படும் சொற்களே அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அப்பலகை சுட்டும் வழி தனியார் ஒருவரின் நிலத்தின் ஊடே செல்கிறது. நிலம் அவருடையது, விளைச்சலும் அவருடையது, ஆயினும் அவ்வழியே நடக்கும் உரிமை ஊரார் அனைவருக்கும், ஊர் பேர் தெரியாத வழிப்போக்கனுக்குங்கூட உண்டு. கதவைப் பூட்டி அவர் தடுத்தல் இயலாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகக் குதிரைவழி முதலியவற்றையும் சேர்த்து இத்தகைய பொதுவழிகள் ஏறத்தாழ 1,40,000 மைல் நீளம் உள்ளன.

இவ்வுரிமையை அரசர் எவரும் பட்டயம் எழுதித் தந்துவிடவில்லை. தேவாலயத்திற்கும் மாவாலைக்கும் சந்தைக்கும் மக்கள் நடந்து நடந்தே இதனை ஈட்டினர். எவரிடமும் இசைவு கேளாமல், ஒளிவு மறைவின்றி, தடையுமின்றி 20 ஆண்டுகள் பொதுமக்கள் ஒரு வழியில் நடந்துவிட்டால், நிலத்துக்குரியவர் அதனைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தார் என்றே அந்நாட்டுச் சட்டம் கொள்கிறது. ஒருமுறை பொதுவழியானது, முறைப்படி ஆணை பிறப்பித்து மூடப்படும்வரை பொதுவழியே. நூறாண்டு எவரும் நடவாதிருப்பினும் உரிமை அற்றுப் போவதில்லை.

முன்னாளில் இவ்வழிகளுக்குப் பகைவர் நிலக்கிழார்களே. 1815ஆம் ஆண்டுச் சட்டம், நீதிபதிகள் இருவர் ‘தேவையற்றது’ எனக் கருதினால் ஒரு வழியை மூடிவிடலாம் என்றது. அந்நீதிபதிகளும் பெரும்பாலும் நிலக்கிழார்களே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மான்செஸ்டர் நகரத்தார் 1826இல் பழைய நடைவழிகளைக் காக்க ஒரு சங்கமே அமைத்தனர். 1896இல் போல்டன் நகருக்கருகில் விண்டர் ஹில் என்னும் குன்றின் வழி அடைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர் திரண்டு சென்று அடைப்பை நீக்கி நடந்தனர். 1949ஆம் ஆண்டின் சட்டமோ, கவுண்டி மன்றங்கள் (நம் நாட்டின் பழைய ஜில்லா போர்டுகளை ஒத்தவை) ஒவ்வொரு பொதுவழியையும் அளந்து, எண்ணிட்டு, உறுதி வரைபடத்தில் குறித்தல் வேண்டும் என விதித்தது. போராட்டம் முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர்.

பகைவர் மாறினாரேயன்றி மறைந்தாரல்லர். இன்று வழியை அழிப்பது பூட்டன்று, கணக்கேடு. 2010-11க்கும் 2017-18க்கும் இடையே, விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களுக்கு நடுவண் அரசு அளித்த நிதி 49 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் பேணும் செலவோ ஏறிக்கொண்டே சென்றது. அவற்றைக் குறைத்தல் இயலாது, குறைத்தலும் தகாது. ஆதலின் வெட்டுக்கத்தி, எதிர்த்துக் குரலெழுப்பாத இனங்களின்மீது விழுகிறது. அவற்றுள் ஒன்று நடைவழி.

இங்கே நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ‘இவ்வழியை மூடுக’ என்று எந்த மன்றமும் தீர்மானம் இயற்றுவதில்லை. ஓய்வு பெற்ற வழி அலுவலருக்குப் பதிலாக ஆள் நியமிக்கப்படுவதில்லை, அவ்வளவே. ஓடைமேல் கிடந்த மரப்பாலம் உளுத்துப்போகிறது. ‘தற்காலிகமாக’ ஆறு மாதத்திற்கு வழி அடைக்கப்படுகிறது. பின்னர் அமைச்சகத்தின் இசைவோடு அக்காலம் நீட்டிக்கப்படுகிறது. இரண்டு கோடையில் முட்புதர் ஆளுயரம் வளர்ந்துவிடும். வந்தவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். திரும்பிப் போனவர் மனு எழுதுவதில்லை, மறுமுறை வருவதுமில்லை. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, வரப்புவழி கெட்டுப்போன செய்தியை வருகைப் பதிவேட்டைப் பார்த்தே அறிந்ததுண்டு. பிள்ளைகள் எவரும் வாய் திறந்து சொன்னதில்லை. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் வரும்போது, ‘இவ்வழியை எவரும் பயன்படுத்துவதில்லை’ என்பதே குறைப்புக்குக் காரணமாகக் காட்டப்படுகிறது! பேணாமையால் விளைந்ததே, பேணாமைக்கு நியாயமும் ஆகிவிடுகிறது.

இச்சுழலை உள்ளூர் மக்கள் எங்ஙனம் அறுப்பது? முதலில் நடக்கிறார்கள். ஊரின் வழிகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, உறுதிப்படத்தின் எண்ணைக் குறித்து, எங்கே எது பழுது என்று தேதியோடு எழுதுகிறார்கள், நிழற்படமும் எடுக்கிறார்கள். பின்னர் அப்பழுதைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது எனப் பிரிக்கிறார்கள். பலரும் அறியாத நுட்பம் இதுதான். வயலின் நடுவே செல்லும் நடைவழியை உழவர் உழலாம்; ஆனால் விதைப்புக்கென முதன்முறை உழுத 14 நாட்களுக்குள், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்திற்கு, அதனைத் திரும்பவும் சமன்செய்து தருதல் வேண்டும். வரப்போர வழியையோ உழவே கூடாது. வேலியைக் கடக்கும் மரப்படிகளைப் பேணுவது நிலத்துக்குரியவரின் கடமை. அச்செலவில் காற்பங்கேனும் மன்றம் தரவேண்டும். வழியில் முளைக்கும் புதரும் சுட்டுப்பலகையும் மன்றத்தின் பொறுப்பு.

ஆக, பல தடைகளை நீக்க மன்றத்திற்கு ஆகும் செலவு ஒரு கடிதமே. அக்கடிதம் எழுத வேண்டிய அலுவலரைத்தான் சிக்கனம் என்று நீக்கிவிட்டார்கள்! எனவே, சல்லிக்கும் சரளைக்கும் பணம் கேட்பதினும் அலுவலர் பதவியைக் காக்கப் போராடுவதே அறிவுடைமை என்பது என் கருத்து.

ஊரார் தாமே அரிவாளுடன் இறங்கலாகாதோ எனக் கேட்பீர்கள். பல ஊர்களில் தொண்டர்கள் அவ்வாறு செய்கிறார்கள். ஊர்மன்றமாகிய பாரிஷ் மன்றமும் இப்பணியை ஏற்று, உடன்பாடு இருப்பின் செலவைக் கவுண்டி மன்றத்திடம் பெறலாம். நற்பணியே, எனினும், ‘தொண்டர்கள் இருக்கிறார்களே’ என்று இருக்கும் நிதியையும் மன்றம் எடுத்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே அறிந்தவர்கள் புதரை வெட்டும்போதே கடிதமும் எழுதுகிறார்கள்.

அக்கடிதத்திற்கு வலிமை தருவது 1980ஆம் ஆண்டின் பெருவழிச் சட்டம். பொதுவழியைக் காப்பது மன்றத்தின் கடமை என்கிறது அது. ‘பணமிருந்தால்’ என்று ஒரு சொல் அதில் இல்லை. பழுதான வழியைக் குறித்துச் சாதாரணக் குடிமகன் ஒருவரே மன்றத்திற்கு அறிவிப்பு அனுப்பலாம். ஒரு மாதத்திற்குள் மன்றம் விடை தரவேண்டும். பொறுப்பை ஒப்புக்கொண்டும் ஆறு மாதத்திற்குள் செப்பனிடாவிடின், நீதிமன்றத்தை அணுகலாம்.

அந்நாட்டின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. குளிர்காலத்திலேயே திட்டம் உருவாகிவிடும். ஆதலின், முட்செடி மிக உயர்ந்து நிற்கும் ஆகஸ்டு மாதத்தில் நடந்து பார்த்துக் குறிப்பெழுதினால், மன்ற உறுப்பினர்கள் கணக்கைக் கையிலெடுக்கும் நாளில் அக்குறிப்பு அவர்கள் மேசைமேல் இருக்கும்.