வீட்டைப் பார்க்க வருபவர் யாருக்காகப் பார்க்கிறார்?

ஊரில் காணி வாங்குவதென்றால் உறுதியைப் பார்ப்போம், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்போம். அமெரிக்காவில் வீடு வாங்கும்போது வேறு சிலவற்றையும் அறிந்திருக்க வேண்டும்.

முதல் வீடு வாங்குவோர் பலர் எப்.எச்.ஏ. கடனை நாடுகின்றனர். கடன் புள்ளி 580க்குக் குறையாதிருந்தால் 3.5 வீத முற்பணம் போதும். ஆனால் 2025 மே மாதத்திலிருந்து கிரீன் கார்ட் அல்லது குடியுரிமை இல்லாத நம்மவர்கள் இக்கடனைப் பெற முடியாது.

இக்கடனுக்கு அரசாங்கக் காப்புறுதி உண்டு. அது கடன் கொடுத்தவருக்கான பாதுகாப்பே தவிர, நமக்கானது அல்ல. அதற்கான கட்டணத்தை மட்டும் நாமே செலுத்துகிறோம்.

கடன் வழங்குமுன் எப்.எச்.ஏ. பட்டியலிலுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டைப் பார்க்க வருவார். அயலில் அண்மையில் விற்கப்பட்ட வீடுகளுடன் ஒப்பிட்டுப் பெறுமதியைக் கணிப்பார். வீடு பாதுகாப்பானதா, உறுதியானதா என்றும் பார்ப்பார். கூரை இன்னும் 2 வருடங்களாவது தாங்க வேண்டும். தீப்பிடித்தால் படுக்கையறையிலிருந்து வெளியே தப்ப வழி இருக்க வேண்டும். 1978க்கு முன் கட்டிய வீட்டில் பெயின்ற் உரிந்திருந்தால், அதில் ஈயம் இருக்கலாம் என்பதால் திருத்தச் சொல்வார்கள்.

விலை பேசியது 3,00,000 டொலர், மதிப்பீடு 2,85,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். கடன் குறைந்த தொகையின்படியே கணக்கிடப்படும். 10,500 டொலர் முற்பணத்துடன் போனவருக்கு இப்போது 24,975 டொலர் தேவைப்படும். இந்த இடத்தில்தான் பலர் சீட்டை எடுத்தும் கைமாற்று வாங்கியும் அவசரப்படுகிறார்கள். அவசரம் வேண்டாம். மதிப்பீடு குறைந்தால் கைப்பணத்தைத் திரும்பப் பெற்று விலகலாம் என்ற வாசகம் எப்.எச்.ஏ. ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட வேண்டும். கையொப்பமிடுமுன் அது இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் காட்டி விலையைக் குறைக்கவும் கேட்கலாம். மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி ஒன்றைப் பெறுவதும் உங்கள் உரிமை.

இன்னுமொன்று. மதிப்பீட்டாளர் ‘சரி’ என்றால் வீட்டில் குறையே இல்லை என்று பொருளல்ல. அவர் கடன் கொடுப்பவருக்காகவே பார்க்கிறார். சுவருக்குள் ஒழுகும் குழாயை அவர் தேடமாட்டார். நமக்காகப் பார்ப்பவர், நாம் பணம் கொடுத்து அமர்த்தும் வீட்டுப் பரிசோதகரே. அவருக்குக் கொடுக்கும் சில நூறு டொலரை மிச்சம் பிடித்தால், பின்னர் ஆயிரக்கணக்கில் செலவழிக்க நேரலாம்.

ஆங்கிலப் பத்திரம் விளங்காவிட்டால் வெட்கப்படாதீர்கள். மத்திய வீடமைப்புத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்கள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்துக்கோ விளக்குவார்கள். விளங்கிய பின்னரே கையொப்பமிடுங்கள்.