இரும்பு எங்கே போகிறது?

வாரந்தோறும் நம் வளரிளம் பருவ மாணவர்களுக்கு நீல நிற மாத்திரை கொடுக்கிறோம். அதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. தொடக்க வகுப்புகளுக்கு 45 மில்லிகிராம் இரும்புச்சத்துள்ள இளஞ்சிவப்பு மாத்திரை. மதிய உணவில் முட்டையும் உண்டு. இருந்தும், 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. உணவுக் குறைவும் மாதவிடாயும் முக்கியக் காரணங்கள்தாம். ஆனால் வயிறும் குடலும் நாம் கவனிக்காத காரணங்களாக இருக்கலாம்.

ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிறையாது. உடலிலும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். உண்ட இரும்பு இரத்தத்தில் சேர்கிறதா? சேர்ந்த இரும்பு எங்கேனும் கசிகிறதா?

கசிவுக்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. கொக்கிப்புழு சிறுகுடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழுவால் நாளொன்றுக்கு 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர் வரை இரத்தம் வீணாகும். நூறு புழுக்கள் இருந்தால் குறைந்தது 3 மில்லிலிட்டர். அதிலுள்ள இரும்பு ஏறத்தாழ 1 மில்லிகிராம். நம் குடல் ஒரு நாளில் உணவிலிருந்து உறிஞ்சுவதே 1 முதல் 2 மில்லிகிராம்தான். மலம் கலந்த ஈர மண்ணில் வாழும் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. தார்ச்சாலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்பதால் இது வருவதில்லை. வயல் வரப்பும் திறந்தவெளிக் கழிப்பிடமுமே இதன் இடங்கள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, ஜவ்வாது மலையிலும் திமிரி வட்டாரத்திலும் ‘டீவோர்ம்3’ என்ற பன்னாட்டு ஆய்வை நடத்தியது. அங்கு அதிகம் காணப்பட்டது கொக்கிப்புழுதான். அதுவும் குழந்தைகளைவிடப் பெரியவர்களிடம் கூடுதலாக இருந்தது. ஆகவே பள்ளியில் குழந்தை அல்பெண்டசோல் விழுங்கினாலும், வீட்டுப் பெரியவர்களிடம் புழு இருந்தால் மண் வழியாக மீண்டும் தொற்றலாம்.

நான் பணியாற்றும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டும் வெளிறியே இருந்தாள். பலப்பம் தின்னும் வழக்கமும் இருந்தது. ஹீமோகுளோபின் 8.6 கிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தினசரி மாத்திரை தொடங்கினார்கள். ஒரு மாதமாகியும் ஏறாததால் மலப் பரிசோதனை செய்தார்கள். கொக்கிப்புழு முட்டைகள் தெரிந்தன. வீட்டில் எல்லோருக்கும் சிகிச்சை அளித்த பிறகே அவள் தேறினாள்.

இனி உறிஞ்சுதல். தானியம், கீரை இவற்றிலுள்ள இரும்பு கரைய இரைப்பை அமிலம் தேவை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற நுண்ணுயிர் இரைப்பையில் அழற்சியை உண்டாக்கி அமிலத்தைக் குறைக்கலாம், புண்ணும் ஏற்படுத்தலாம். இதைக் கண்டறிந்த பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். வாயுத் தொல்லைக்கென அமிலம் குறைக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குவதும் உறிஞ்சுதலைக் குறைக்கலாம். சீலியாக் நோயில் கோதுமையிலுள்ள குளூட்டன் சிறுகுடலின் உறிஞ்சும் பரப்பைச் சிதைக்கிறது. இது வட இந்தியாவில் அதிகம் காணப்பட்டாலும், நீண்ட நாள் வயிற்றுப்போக்கும் வளர்ச்சிக் குறைவும் உள்ள குழந்தையிடம் மருத்துவர் இதையும் நினைப்பார். அரிசி, கேழ்வரகு, நம் மலையில் விளையும் சாமை ஆகியவற்றில் குளூட்டன் இல்லை.

ஆசிரியர்களாகிய நமக்கும் இது பொருந்தும். என் சக ஆசிரியர் ஒருவர், வயது 54, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவதை வேலைப்பளு என்றே எண்ணியிருந்தார். மூட்டுவலிக்கு அவர் நெடுநாள் போட்ட வலி மாத்திரையால் இரைப்பையில் புண் ஏற்பட்டு இரத்தம் கசிந்தது எண்டோஸ்கோபியில் தெரிந்தது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவு இருந்தால், இரைப்பையையும் பெருங்குடலையும் பரிசோதிப்பது அவசியம். மூலம், புண், சில வேளை புற்றுநோய்கூட முதலில் இரத்தசோகையாகவே வெளிப்படும்.

வகுப்பறையில் நாம் கவனிக்க வேண்டியவை: வெளிறிய நாக்கு, உள் இமை, எளிதில் களைப்பு, மண், சாக்பீஸ், பச்சரிசி தின்னுதல், அடிக்கடி வயிற்றுவலி. வாராந்திர மாத்திரை தடுப்புக்கானது; இரத்தசோகை வந்துவிட்டால் மருத்துவர் சொல்லும் தினசரி சிகிச்சை தேவை. ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது உயரவில்லையெனில் காரணம் தேடி மேல் மருத்துவமனைக்கு அனுப்புவது வழிமுறை.

இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. மாணவர்களிடம் அதை முன்பே சொல்லிவிட்டால் பயந்து நிறுத்த மாட்டார்கள். மாத்திரை போடாத நிலையில் தார் போல ஒட்டும் கறுப்பு மலம் போனால், அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மாத்திரையோடு தேநீர் வேண்டாம். நெல்லிக்காயோ கொய்யாவோ நல்லது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம், மாத்திரை சாப்பிட்டும் தேறாத மாணவர்களின் பட்டியலைத் தனியாகக் கொடுங்கள்.